பேர் போடாத படம்

என் மாமன் மகளே, என் புள்ள,

உன் பேரை இதில் எழுத மாட்டேன். உன் தம்பிக்குக் கொடுத்த வாக்கு அது. ஊர்ப் பேரையும் விட்டுவிடுகிறேன். உத்தமபாளையத்துப் பக்கம், மலையைப் பார்த்து நிற்கிற நம் மாதா கோயில், அதற்குப் பின்னால் திராட்சைப் பந்தல், பந்தலைத் தாண்டி நீ படுத்திருக்கிற கல்லறைத் தோட்டம். உனக்கு இந்த அடையாளம் போதும். தாலி கட்டிய நாளிலிருந்து நான் உன்னைப் 'புள்ள' என்றுதான் கூப்பிட்டேன். அந்தப் பேரை வைத்து வேறு யாரும் உன்னைக் கண்டுபிடிக்க முடியாது.

நம் மகள் நன்றாக இருக்கிறாள். காலேஜில் கடைசி வருசம். தலைமுடியைத் தோளோடு வெட்டிக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சோறு அவள்தான் வடிக்கிறாள், குழம்பு நான் வைக்கிறேன். ரெண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தால் மூன்றாவது தட்டை எடுத்துவிட்டு யாராவது ஒருவர் திரும்ப உள்ளே வைக்கிறோம். அவளும் பார்க்காத மாதிரி இருப்பாள், நானும் பார்க்காத மாதிரி இருப்பேன்.

இன்னொன்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நீ போன பிறகு நான் உன்னைப் பார்த்தேன் புள்ள. உன் முதுகை. ஒரு சுவர் அளவுக்குப் பெரிதாக. ஒரு கூட்டம் டாக்டர்கள், நர்சுகள் நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

உன் இடுப்பில், கொசுவம் சொருகுகிற இடத்துக்குக் கீழே, கைக்குட்டை மடித்து வைத்தாற்போல் ஒரு வெளுப்பு வந்தது. "தேமலு போல இருக்கு மாமா" என்று சிரித்துக்கொண்டே காட்டினாய். தோட்டத்தில் திராட்சைக் குலை அறுத்து, பெட்டியில் அடுக்கிக் கொடுக்கிற வேலை உனக்கு. பந்தலுக்கு மருந்து அடிக்கிற நாளில் சேலையெல்லாம் அந்த வாசனையோடுதான் வருவாய். மருந்துதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். மருந்துக் கடையில் ஒரு டியூபு வாங்கி வந்தேன். போட்டதும் அமுங்கியது. நிறுத்தியதும் இன்னொரு பக்கம் வந்தது. தொடை, முதுகு, மார்புக்குக் கீழே. சிலது வெளுப்பு, சிலது கறுத்துத் தடித்து. அதோடு நமச்சல். உள்ளே எறும்பு ஓடுது என்பாய்.

நாம் போகாத இடமா? உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம். ஒருவர் தேமல் என்றார். ஒருவர் படை என்றார். ஒருவர் கரப்பான் என்று சொல்லிக் கத்திரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொன்னார். தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு நான் தினமும் குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவன்தானே, அங்கன ஒரு டாக்டர் கைராசிக்காரர் என்று கேள்விப்பட்டு உன்னையும் மலையேற்றிக் கூட்டிப் போனேன். அவர் பார்த்துவிட்டு "சாரமில்லா" என்றார். மலையாளத்தில் ஒன்றுமில்லை, பரவாயில்லை என்று அர்த்தம். அந்த வார்த்தை உனக்குப் பிடித்துப் போனது. குழம்பு அடிப்பிடித்தால் சாரமில்லா. ஜீப் பஞ்சரானால் சாரமில்லா. மகள் கணக்கில் பெயிலானபோது அவளைக் கட்டிக்கொண்டு "சாரமில்லா ஆத்தா" என்றாய். அப்போதெல்லாம் நீ அவளைக் கட்டிக்கொள்வாய்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் நடந்தது. "சேலைய விலக்கும்மா." கதவு திறந்திருக்கும், வெளியே ஆட்கள் நிற்பார்கள், கம்பவுண்டர் உள்ளே வருவார் போவார். நீ கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாய். ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். இது என்ன, எதனால் வந்தது, அடுத்தவருக்கு ஒட்டுமா ஒட்டாதா என்று ஒரு வார்த்தை சொன்னவர் கிடையாது. நாமும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே நமக்குத் தெரியாது இல்லையா?

கழுத்திலும் முழங்கையிலும் வந்த பிறகு மறைக்க முடியவில்லை. பெருவியாதியோ, குஷ்டமோ என்று யாரோ ஒருவர் வாய்விட்டார். சுகாதார ஊழியர் வந்து உன்னைக் கண்மூடச் சொல்லி, பேனா முனையால் ஒவ்வொரு வெளுப்பிலும் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடத்தையெல்லாம் சரியாகக் காட்டினாய். உணர்ச்சி இருக்கிறது, இது அது இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் வந்துபோனதை ஊர் பார்த்தது, அவர் சொன்னதை ஊர் கேட்கவில்லை. தோட்டத்தில் தண்ணிப் பானை பக்கம் உனக்கென்று ஒரு டம்ளர் தனியாக வந்தது. மறுநாள் நீயே வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுபோனாய், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று. கோயிலில் முன்னால் உட்கார்ந்து பாடினவள், கடைசித் தூண் ஓரத்துக்குப் போனாய்.

வீட்டிலும் தள்ளிப் போனாய். நம் மகள் வயதுக்கு வந்த பெண், இடுப்பு வரை முடி, அவள் தலையைத் தொடுவதை நிறுத்தினாய். "கை வலிக்குது, நீயே பின்னிக்க ஆத்தா" என்றாய். உன் பாயை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டாய். விடிந்தும் விடியாமலும் எழுந்து விரிப்பை வெளியே கொண்டுபோய் உதறுவாய், உதிர்ந்த பொருக்கு யார் கண்ணிலும் படக்கூடாதென்று. அந்த உதறுகிற சத்தத்தில்தான் நான் முழிப்பேன்.

பெரியாஸ்பத்திரியில் கம்பத்துக்கார டாக்டரம்மா ஒருத்தர் தோல் பிரிவுக்கு வந்திருக்கிறார், ஆறாத தோல் வியாதிகளை ஆராய்ச்சி செய்கிறார் என்று உன் தம்பிதான் விசாரித்துச் சொன்னான். அதை நான் மறக்கவில்லை. பின்னால் அவன் கத்தினதை வைத்து அவனை யாரும் தப்பாக நினைக்கக் கூடாது.

அந்த அறையில் முதலில் கதவைச் சாத்தினார்கள். திரையை இழுத்து விட்டார்கள். டாக்டரம்மா உன்னிடம், "பாக்கலாமாக்கா?" என்று கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன்னிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

உன் முதுகை ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். "நாங்க படிச்ச புஸ்தகத்துல பாதிப் படம் வெள்ளைக்காரங்க தோலுக்கா. அங்க செவப்பாத் தெரியுறது நம்ம தோலுல வெளுப்பாத் தெரியும், இல்ல கறுப்பாத் தெரியும். அதனால எங்களுக்கே தப்பிருது" என்றார். நம் பக்கத்து ஆட்களுடைய தோலில் எந்த வியாதி எப்படித் தெரிகிறது என்று சேர்த்துவைக்கத்தான் இந்த ஆராய்ச்சி என்றார். கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், ஒரு தடவையில் தெரியாமல் போகலாம், திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார். நீ சரி என்றாய். நான்தான் பயந்தேன்.

முதல் சதையில் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவதில் சந்தேகம். அதற்கு இடையில் ஒரு நாள் அந்தப் பிரிவு நர்சு செல்வி சிஸ்டர் உன்னைக் கேள்வி கேட்டார். ஆராய்ச்சியில் அதுவும் சேர்த்தியாம், வியாதி உடம்பை என்ன செய்கிறது என்பது மட்டும் போதாது, ஆளை என்ன செய்கிறது என்றும் தெரிய வேண்டுமாம். திரைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன். நான் இருப்பது உனக்குத் தெரியும். இருந்தும் நீ மறைக்கவில்லை.

"தூக்கம் எப்படிம்மா?"

"கோழித் தூக்கம்தான் சிஸ்டரு."

"வெளியில போக வர, நாலு பேரப் பாக்க வெக்கமா இருக்கா?"

"வெக்கமெல்லாம் போயிருச்சு. இப்பப் பயம்தான். யாரும் பக்கத்துல வந்துட்டாகன்னா நானே நகந்துக்கிருவேன்."

"வீட்டுக்காரர்கூட எப்படி இருக்கீங்க? தள்ளி இருக்காரா?"

நீ சேலையை இழுத்துவிட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாய்: "அவுக தள்ளல சிஸ்டரு. நாந்தான் தள்ளிப் படுத்துக்கிட்டேன். தங்கமான மனுசன். அவுகளுக்கும் வந்துருச்சுன்னா வண்டி யாரு ஓட்டுவா?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, இந்த வைத்தியத்தில் உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று கேட்டார். குணமாகணும் என்று சொல்வாய் என நினைத்தேன். நீ சொன்னாய், "இது ஒட்டுமா ஒட்டாதான்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லிட்டா போதும். எம் மக தலையத் தொட்டு வருசமாச்சு."

செல்வி சிஸ்டர் எழுந்து வெளியே ஓடினார். டாக்டரம்மாவைக் கையோடு கூட்டி வந்தார். அவர் உன் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பேரு என்னன்னு இன்னும் முடிவாகலக்கா. ஆனா நான் சந்தேகப்படுற எதுவும் ஒட்டாது. சத்தியமா ஒட்டாது. இத மொதல்லயே நான் சொல்லியிருக்கணும்" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து நீ சேலைகூட மாற்றவில்லை. மகளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தாய். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாய். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா, நானே பின்னிக்கிறேன்" என்றாள். "சும்மா இருடி" என்றாய். உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்க்கத் தேய்க்க உன் கண்ணீர் அவள் தலையில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பின்னி முடித்து, அவிழ்த்து, திரும்பவும் பின்னினாய். நான் என் பாயை எடுத்து ஜன்னல் பக்கம் போட்டேன். "பொருக்கு ஒட்டும் மாமா" என்றாய். ஒட்டட்டும் என்றேன்.

மூன்றாவது சதையில் பேர் தெரிந்தது. ரத்தத்தில் இருக்கிற வெள்ளணுவே கெட்டுப்போய் தோலில் வந்து தங்குகிற ஒரு வகைப் புற்றுநோய். மெதுவாக ஊர்கிற வியாதி, பார்க்கத் தேமல் மாதிரியும் படை மாதிரியும் இருக்கும், ஆரம்பத்தில் தெரிந்தால் வெளிச்சம் காட்டியே அமுக்கி வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. உனக்கு ஆரம்பம் எப்போதோ தாண்டிவிட்டது. நீ கேட்டுவிட்டு, "புத்துநோயா? அப்ப பெருவியாதி இல்லைல?" என்றாய். அப்படியும் ஒரு நிம்மதி உண்டா புள்ள? உன் முகத்தில் நான் பார்த்தேனே.

படம் எடுக்கலாமா என்று அப்புறம்தான் கேட்டார்கள். முகம் வராது, பேர் வராது, எடுப்பது பொம்பளை ஆள்தான், டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் சொல்லிக்கொடுக்க மட்டும்தான். வேண்டாம் என்றால் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. எனக்கு மனசில்லை. பஸ்ஸில் வரும்போது சொல்லிவிட்டேன். நீ வீரபாண்டி தாண்டும்வரை ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

"தோட்டத்துலயே பாருங்க மாமா, இத்தன பொம்பளைக சேலைக்குள்ள என்னத்த வச்சுக்கிட்டுத் திரியிறாளுகன்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தேமலுன்னு சொன்னவரு இந்தப் படத்த மொதல்லயே பாத்துருந்தா?"

படம் எடுத்த அன்று நான் வெளியே வராந்தாவில் நின்றேன். நீ வெளியே வந்து, "கல்யாணத்துக்குக்கூட என்னய இத்தன படம் எடுக்கல" என்று சிரித்தாய்.

வெளிச்சப் பெட்டிக்குள் நீ நின்ற மாதங்கள் நல்ல மாதங்கள். ஆள் உயரப் பெட்டி, சுற்றிலும் நீல வெளிச்சம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. வாரத்துக்கு ரெண்டு மூன்று தடவை போய் வந்தோம். நமச்சல் குறைந்தது. செல்வி சிஸ்டர் குளிப்பது எப்படி, ஈரத்தோடு எண்ணெய் தடவுவது எப்படி, எந்தத் துணி உடுத்துவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். நீ முழு ராத்திரி தூங்கினாய். நான் முழித்திருந்து, நீ தூங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு தொடையில் கட்டி வந்தது. ஊசி போட்டார்கள். கட்டி உடைந்து புண்ணானது. ஒன்று ஆறினால் இரண்டு வந்தது. புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறியது. ஆடிக் காற்று ஆஸ்பத்திரி ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், மகள் உன் கையைப் பிடித்திருக்கும்போதே போனாய். நான் டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் கையை விடவில்லை. "அம்மா தூங்குதுப்பா" என்றாள். அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் தாங்காதென்று அப்படிச் சொன்னாள்.

உன்னைக் குளிப்பாட்டுகிற நேரத்தில் பெண்கள் தயங்கி நின்றார்கள். திட்டவில்லை அவர்களை. புண்ணைப் பார்த்துப் பயந்தார்கள். தண்ணீர் வைத்தாயிற்று, மஞ்சள் வைத்தாயிற்று, யாரும் கிட்ட வரவில்லை. நம் மகள் தாவணியை இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள். "ஒட்டாது. எங்கம்மாவுக்கு இருந்தது ஒட்டாது" என்று சொல்லிச் சொல்லித் தண்ணீர் ஊற்றினாள். அழவில்லை, கூட்டத்துக்குச் சொல்வது மாதிரி சத்தமாகச் சொன்னாள். தோட்டத்தில் உனக்குத் தனி டம்ளர் வைத்தவள் ஒருத்தி, பேர் வேண்டாம், ஓவென்று அழுதுகொண்டு வந்து உன் காலைப் பிடித்துத் தேய்த்து விட்டாள். நீ பார்த்திருந்தால் "விடு ஆத்தா, சாரமில்லா" என்றிருப்பாய்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு டாக்டரம்மா வீடு தேடி வந்தார். "அவுங்க சம்மதம் குடுத்ததுதான். ஆனா உங்களக் கேக்காம அந்தப் படத்தக் காட்ட எனக்கு மனசு வரலண்ணே" என்றார். உன் தம்பி இருந்தான். குதித்து எழுந்தான்.

"செத்த பெறகும் எங்கக்கா சேலைய விலக்கணுமா? இருக்கும்போது பாத்தது பத்தாதா? அழிச்சிருங்க அத."

எனக்குள்ளும் அதே கத்தல் இருந்தது. அது உன் உடம்பு. எனக்கு மட்டும் தெரிந்த உடம்பு. டாக்டரம்மா எழுந்து நின்றார், சரிங்க, எடுத்துடுறோம் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது மகள் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"மாமா, எத்தன டாக்டர்ட்ட அம்மா போச்சு. அத்தன பேரும் கேக்காமத்தான் வெலக்கச் சொன்னாக. இவுக ஒருத்தர்தான் கேட்டாக. கேட்டாகன்னு அம்மா சரின்னுச்சு. இப்ப நம்ம வேணாம்னா, அம்மாகிட்ட மறுபடியும் யாரும் கேக்காத மாதிரி ஆயிரும்ல?"

உன் தம்பி உட்கார்ந்துவிட்டான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி அழுதான். ஓய்ந்த பிறகு என் கையைப் பிடித்து, "எங்கக்கான்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது மச்சான்" என்றான். சத்தியம் செய்து கொடுத்தேன்.

டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். முதல் தடவை காட்டும்போது நான் அங்கே இருக்க வேண்டும். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. நீ தனியாக இருக்கக் கூடாதென்று தோன்றியது. பயிற்சிக் கூட்டத்துக்கு வருசநாட்டுப் பக்கத்து நர்சம்மாக்களை ஏற்றி வர ஒரு வண்டி வேண்டும், ஓட்டுகிறவராக வாருங்கள், கடைசி வரிசையில் உட்காருங்கள் என்றார்.

அப்படித்தான் உன்னைப் பார்த்தேன். விளக்கை அணைத்தார்கள். சுவரில் உன் முதுகு வந்தது. சின்ன வயதில் பந்தல் கம்பி கிழித்த தழும்பு, தோள்பட்டைக்குக் கீழே. அதில் எத்தனை தடவை விரல் வைத்திருக்கிறேன்.

"என்னன்னு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "தேமல்" என்றது ஒரு குரல். "படை." "குஷ்டமா இருக்கும் மேடம், உணர்ச்சி பாக்கணும்." யாரோ பிஸ்கட் கடிக்கிற சத்தம் கேட்டது. முன்வரிசையில் ரெண்டு சின்ன டாக்டர்கள் வேறு எதற்கோ சிரித்துக்கொண்டார்கள். எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. அது என் பொண்டாட்டி, நன்றாகப் பாடுவாள், மெதுவாகப் பேசுங்கள் என்று. சத்தியம் பண்ணியிருக்கிறேனே. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த நர்சம்மா, "என்னண்ணே இப்பிடி வேர்க்குது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொன்னேன் புள்ள, உன்னை முன்னால் வைத்துக்கொண்டு.

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு டாக்டரம்மா வியாதியின் பேரைச் சொன்னார். எத்தனை இடம் அலைந்தாய், எத்தனை தடவை சதை எடுத்த பிறகு தெரிந்தது, மருந்துக்குக் கேட்காத வெளுப்பை ஏன் விடக்கூடாது, எல்லாம் சொன்னார். அப்புறம், "இவங்க திராட்சைத் தோட்டத்துல வேலை பாத்தவங்க. வைத்தியத்துல என்ன வேணும்னு கேட்டப்ப, இது ஒட்டுமான்னு சொல்லுங்க, நான் என் பொண்ணு தலையத் தொடணும்னு கேட்டாங்க. அதுக்குப் பிறகு எங்க பிரிவுல வர்ற எல்லார்கிட்டயும் அதத்தான் மொதல்ல சொல்றோம்" என்றார். பிஸ்கட் சத்தம் நின்றிருந்தது. சிரித்த பையன்களில் ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று திரும்பும் வழியில், கடமலைக்குண்டுக்கு இந்தப் பக்கம், நர்சம்மாக்கள் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். கடமலைக்குண்டு நர்சம்மா திடீரென்று, "ஏம்மா, எங்க ஏரியாவுல ஒரு பொண்ணுக்கு இடுப்புல இப்பிடித்தான் வெளுத்துக் கெடக்கு. இலவம்பஞ்சு உரிக்கப் போறவ. பஞ்சு ஒத்துக்கலன்னு நானும் தேமல் மருந்தே குடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

"நாளைக்கே கூட்டியாங்கம்மா. வண்டி நான் கொண்டாறேன்."

"என்ன ட்ரைவரண்ணே, ஒங்களுக்கு என்ன இதுல?"

"இங்கன ஒரு வேல இருக்கு, சும்மாதான் வர்றேன்" என்று சமாளித்தேன்.

அந்தப் பெண்ணை நான்தான் கூட்டிப் போனேன். நம் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். கைப்பிள்ளைக்காரி. முதல் நாளே கதவைச் சாத்தி, கேட்டு, பார்த்து, ஒட்டாது என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள். வரும்போது பிள்ளையைக் கூட வந்த மாமியாரிடம் கொடுத்துவிட்டு எட்ட உட்கார்ந்து வந்தவள், போகும்போது மடியில் வைத்துக்கொண்டு போனாள். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டாவது சதையில் பேர் தெரிந்தது. உனக்கு வந்ததேதான். ஆனால் ஆரம்பம். வெறும் ஆரம்பம்.

டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன். "இவளுக்கு மாதிரி எம் பொண்டாட்டிக்கும் மொத வருசமே தெரிஞ்சிருந்தா?" "தெரியலண்ணே. இருந்திருக்கலாம். சத்தியமா எனக்குத் தெரியல" என்றார். பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லாமல் விட்டாரே, அதற்காக அவரைக் கும்பிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் அப்படியேதான் கிடக்கிறது. நீ எந்த வருசத்தில் பிழைத்திருப்பாய் புள்ள? எந்த டாக்டர் வாசலில்? எந்த டியூபுக்கு முன்னால்?

அவள் இப்போது வெளிச்சப் பெட்டிக்குள் நிற்கிறாள். வாரம் தவறாமல் நான்தான் ஏற்றி இறக்குகிறேன். என்னை 'அப்பா' என்று கூப்பிடப் பழகிவிட்டாள். போன வாரம் ஆண்டிபட்டி தாண்டி வரும்போது கேட்டாள், "அப்பா, கூட்டத்துல ஒரு அம்மா முதுகப் படம் காட்டுனாகளாமே. அதப் பாத்துத்தான் எனக்குக் கண்டுபிடிச்சேன்னு நர்சம்மா சொன்னாக. ஒங்களுக்கு அந்தம்மாவத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"இப்ப எப்பிடி இருக்காக?"

பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, தன்னைப் பற்றித்தான் கேட்டாள்.

"நல்லா இருக்காகம்மா. தோட்டத்துக்கு வேலைக்குப் போறாக" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். எனக்கு ரோடு தெரியவில்லை. தூசி என்று சொல்லி வண்டியை நிறுத்தி முகம் கழுவினேன்.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு நிமிசம், சொன்ன அந்த ஒரு நிமிசம், நீ உண்மையிலேயே பந்தலுக்குள் குனிந்து குலை அறுத்துக்கொண்டிருந்தாய். அந்தப் பொய்யிலிருந்து வெளியே வர என்னால் முடியவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அவளுக்கு அந்த வெளுப்பெல்லாம் மறைந்து, இனி பெட்டிக்குள் நிற்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்கிற நாள் வரை நான்தான் வண்டி ஓட்டுவேன். அன்றைக்கு அவளை நம் ஊருக்குக் கூட்டி வந்து, உன் பக்கத்தில் நிறுத்தி, உன் பேரைச் சொல்லி, உண்மையைச் சொல்வேன். அந்த ஒருத்திக்கு மட்டும் சொல்ல உன் தம்பியிடம் கேட்டுவிட்டேன். சரி என்றான். அதுவரை இந்தக் கடுதாசியை யார் கண்ணிலும் காட்ட மாட்டேன். இதை உன்னைத் தவிர வேறு யாராவது படிக்கிறார்கள் என்றால், அவள் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள் என்று அர்த்தம்.

உன் அத்தை மகன்,
உனக்கு மாமா.